ரோட் பைக்குக்கு மாறிட்டு “சைக்கிள் சரியில்லண்ணே”ங்கறவங்களுக்கு

மலேசியா பேராக்குல இருக்கற நம்ம தாப்பாவுல பசங்க இப்ப ரோட் பைக் வாங்க ஆரம்பிச்சிட்டாங்க, காலையில தெமோ பக்கமும் பீடோர் பக்கமும் வரிசையா போறத பாக்கவே சந்தோஷமா இருக்கு. பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் தான், அலுமினிய ஃப்ரேம், பின்னாடி எட்டு கியர் இல்ல ஒம்போது கியர். ஆனா வாங்குன மூணே வாரத்துல பாதிப் பேரு அத வாசல்ல பூட்டி வெச்சிட்டு பழைய மவுண்டன் பைக்க எடுத்துட்டுப் போறாங்க, ஏம்ப்பான்னு கேட்டா கை வலிக்குதுண்ணே, ஆடுதுண்ணே, பஞ்சர் ஆவுதுண்ணே, சைக்கிள் சரியில்லண்ணே. நான் எடுத்துப் பாத்த வரைக்கும் சைக்கிள் நல்லாத்தான் இருக்கும்.

நானும் இப்படித்தான் மாறி வந்தவன். அப்பா பால்வெட்டுக்கு ஓட்டுன 28 இன்ச் இரும்பு சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டுப் பழகுனேன், அது கேரியரோட சேத்து 20 கிலோ பக்கம் இருக்கும். அப்புறம் எட்டு வருஷம் மவுண்டன் பைக், அது 15 கிலோ. இப்ப இருக்கறது ஒம்போதரை கிலோ ரோட் பைக். முன்ன ஓட்டுன ரெண்டும் என் ஒடம்புல மூணு பழக்கத்த பதிச்சு விட்டிருந்துச்சு: டயர் காத்த பத்தி கவலப்படாம இருக்கறது, சீட்ட எறக்கி வெக்கறது, ஹேண்டல இறுக்கிப் புடிக்கறது. கனமான சைக்கிள் இந்த மூணையும் தாங்கிக்கும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. ரோட் பைக்குல மொத நாளே தெரிஞ்சிரும். அதனால கீழ சொல்ற எந்தக் கோளாறு உங்களுக்கு இருந்தாலும் கடைக்குப் போயி காச எறைக்கறதுக்கு முன்னாடி காத்து, சீட்டு, கை, இந்த மூணையும் பாத்துருங்க, காசே ஆகாது.

“முன்னாடி ஆடுது, நேரா போக மாட்டேங்குது”

இது எல்லாருக்கும் வர்ற மொத பயம். மவுண்டன் பைக்கோட ஹேண்டல் அகலம், டயர் தடி, முன் வீல் கொஞ்சம் தள்ளி நிக்கும், அதனால ஹேண்டல ஒரு இன்ச் திருப்புனாலும் அது மெதுவாத்தான் திரும்பும். ரோட் பைக்குல ஹேண்டல் குறுகல், 40, 42 சென்டிமீட்டர் தான், முன் ஃபோர்க் செங்குத்தா நிக்கும், நீங்க நெனச்சதுமே திரும்பும். அது கோளாறு இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நாம என்ன பண்றோம், ஆடுதேன்னு பயந்து இன்னும் இறுக்கிப் புடிக்கறோம், அப்ப நம்ம தோள்ல இருக்கற நடுக்கம் எல்லாம் நேரா முன் வீலுக்குப் போவுது, இன்னும் ஆடுது.

செய்ய வேண்டியது: முழங்கைய மடக்குங்க. நீட்டி விறைப்பா வெக்காதீங்க. வெரல ஒண்ணொண்ணா பியானோ வாசிக்கற மாதிரி தூக்கிப் பாருங்க, தூக்க முடியலன்னா நீங்க இறுக்கிப் புடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். கண்ணு முன் டயர்ல இருக்கக்கூடாது, பதினஞ்சு இருவது மீட்டர் தள்ளி பாக்கணும், கண்ணு எங்க போவுதோ சைக்கிள் அங்க போகும். பள்ளிக்கூடத் திடல் இல்ல காலியா இருக்கற பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) இடத்துல ஒரு மணி நேரம் வெள்ளக் கோட்டு மேலயே ஓட்டிப் பழகுங்க, ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும்.

ஆனா இதுல நெஜமான கோளாறும் ஒண்ணு இருக்கு, அத பாக்காம விடாதீங்க. முன் பிரேக்க அழுத்திப் புடிச்சிட்டு சைக்கிள முன்னாடி பின்னாடி ஆட்டுங்க, ஹேண்டல் கழுத்துல கடக் கடக்குன்னு ஆட்டம் தெரிஞ்சா ஹெட்செட், அதாவது கழுத்து பேரிங், லூசு. செகண்ட் ஹேண்ட்ல இது அடிக்கடி இருக்கும். ஹேண்டல கழுத்தோட சேக்கற ஸ்டெம்மோட சைடு போல்ட் ரெண்டையும் கழட்டாம லூஸ் பண்ணி, மேல இருக்கற மூடி போல்ட்ட ஆட்டம் போற அளவுக்கு மட்டும் கொஞ்சம் டைட் பண்ணி, வீல நேராக்கி, சைடு போல்ட்ட திரும்ப டைட் பண்ணணும். வரிசை மாறக்கூடாது. சைடு போல்ட் டைட்டா இருக்கறப்ப மேல முறுக்குனா ஒண்ணும் நடக்காது, போல்ட் தான் கெடும்.

எறக்கத்துல வேகமா போறப்ப திடீர்னு முழு சைக்கிளும் பாம்பு மாதிரி ஒதறுனா அது வேற விஷயம். அப்ப ரெண்டு முட்டியையும் நடு ஃப்ரேம் பைப்புல ஒட்டி அமுக்குங்க, பாதிப் பாரத்த பெடலுக்கு எறக்குங்க, கைய தளத்துங்க, பிரேக்க மெதுவா புடிங்க. ஒதறல் நின்னுரும். பதறி முன் பிரேக்க கெட்டியா புடிக்கறது தான் ஆபத்து.

“ரோட்டுல இருக்கற கல்லு எல்லாம் கையில தெரியுது”

காத்து. பத்துல எட்டு தடவ காத்து தான்.

ரோட் பைக் வாங்குன புதுசுல நான் ஒரு கடையில காத்தடிக்கச் சொன்னேன், டயர் சைடுல 120 பிஎஸ்ஐன்னு (காத்து அழுத்தக் கணக்கு) எழுதியிருக்குன்னு அவங்க 120ம் அடிச்சுக் குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வர்றதுக்குள்ள பல்லு ஆடிப் போச்சு. டயர்ல எழுதியிருக்கறது அதுக்கு மேல போகாதேன்னு சொல்ற அளவு, அவ்வளவு அடின்னு சொல்றது இல்ல. 70 கிலோ ஆளுக்கு 25 மில்லிமீட்டர் டயர்ன்னா 75லருந்து 85 போதும், 28ன்னா 60லருந்து 70 சொச்சம். முன்னாடி பின்னாடிய விட அஞ்சு பிஎஸ்ஐ கம்மி, ஏன்னா பாரம் பின்னாடி தான் அதிகம். ஆளு 55 கிலோன்னா இன்னும் எறக்கலாம், 90 கிலோன்னா ஏத்தணும். நம்ம பக்கம் தார் ரோடு செம்பனை லோரி ஓடி ஓடி சொரசொரன்னு கெடக்கு, அதுல கல்லு மாதிரி டயர் வேகமா போறது இல்ல, குதிச்சு குதிச்சு வேகத்த தான் தின்னுது.

மவுண்டன் பைக்குல மாசத்துக்கு ஒரு தடவ காத்தடிப்போம், அதுவும் டயர கட்டவிரலால அமுக்கிப் பாத்து. இங்க அது நடக்காது. டயர் சின்னது, உள்ள இருக்கற காத்தும் கொஞ்சம் தான், தானாவே தெனம் கொஞ்சம் எறங்கும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மீட்டர் வெச்ச பம்ப்ல பாத்தே ஆகணும். ரோட் பைக்குக்கு ஒரே ஒரு சாமான் தான் வாங்கணும்னா நின்னுட்டு அடிக்கற பம்ப்ப வாங்குங்க, உடுப்பு கண்ணாடி எல்லாம் அப்புறம்.

வால்வு பத்தி ஒரு வார்த்தை. ரோட் பைக்குல மெல்லிசா இருக்கறது பிரெஸ்டா வால்வு. நுனியில ஒரு குட்டி நட்டு இருக்கும், அத திருகி விட்டு, வெரலால ஒரு தடவ தட்டி காத்து வருதான்னு பாத்துட்டு, அப்புறம் தான் பம்ப்ப மாட்டணும். திருகாமலே மாட்டிட்டு காத்து போகலன்னு கஷ்டப்பட்டவங்க நெறைய. பெட்ரோல் ஸ்டேஷன் குழாய் இதுக்கு நேரா மாட்டாது, பித்தளையில ஒரு சின்ன மூடி மாதிரி அடாப்டர் விக்குது, ரெண்டு மூணு வெள்ளி (ரிங்கிட்) தான், வால்வுலயே மாட்டி வெச்சுக்கலாம். ஆனா ஸ்டேஷன் மெஷின்ல கணக்கு கிலோபாஸ்கல்ல இருக்கும், 80 பிஎஸ்ஐன்னா ஏறக்கொறய 550. கார் டயருக்கு வைக்கிற 220ல விட்டுட்டு வந்துறாதீங்க, அது 32 பிஎஸ்ஐ தான், மொத குழியிலயே டியூப் போயிரும்.

“வாரத்துக்கு ரெண்டு பஞ்சர்”

டியூப்ப மாத்திட்டே இருக்காதீங்க, ஓட்டைய பாருங்க, ஓட்டையே காரணத்த சொல்லும்.

பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை, பாம்பு கடிச்ச மாதிரி இருந்தா, காத்து கம்மி. குழியிலயோ ரோட்டு மேட்டுலயோ ரிம் போயி இடிச்சு டியூப்ப நசுக்கியிருக்கு. மேல படிச்சிங்களே அந்தக் காத்த சரி பண்ணா இது நின்னுரும்.

ரிம் பக்கம், உள் வட்டத்துல ஓட்டைன்னா டயருக்கும் ரோட்டுக்கும் சம்பந்தமே இல்ல. ரிம் உள்ள ஒட்டியிருக்கற டேப் நகந்து ஸ்போக் ஓட்டை வெளிய தெரியுது, அதோட ஓரம் டியூப்ப அறுக்குது. டேப்ப மாத்துங்க.

வெளி வட்டத்துல ஒரே ஓட்டைன்னா எதோ குத்தியிருக்கு, அது இன்னும் டயர்லயே இருக்கு. நம்ம ஊர்ல இதுக்கு முக்கியமா ரெண்டு காரணம். ஒண்ணு, லோரி டயர் வெடிச்சு சிதறுறப்ப வர்ற முடி மாதிரி இரும்புக் கம்பி, ரோட்டு ஓரத்துலயே கெடக்கும், கண்ணுக்குத் தெரியாது. இன்னொண்ணு செம்பனை மட்டையோட முள்ளு. தோட்டத்துல மட்டைய வெட்டி அடுக்குறாங்க, லோரியில கொல ஏத்துறப்ப துண்டு விழும், தோட்டத்து சிம்பாங் (முச்சந்தி) எல்லாம் அது சிதறிக் கெடக்கும். மவுண்டன் பைக் டயர் அத மிதிச்சுட்டுப் போயிரும். 25 டயர்ல அது ஊசி. அதனால தோட்டத்து ரோடு வந்து மெயின் ரோட்டுல சேர்ற எடத்துல ரோட்டோட ஓரத்த விட்டு கொஞ்சம் உள்ள வந்து ஓட்டுங்க, பின்னாடி வண்டி வருதான்னு பாத்துட்டு.

டயர் மாட்டுறப்ப டயரோட பேர் எழுதியிருக்கற எடம் வால்வுக்கு நேரா இருக்கற மாதிரி மாட்டுற பழக்கத்த வெச்சுக்குங்க. அப்ப டியூப்ல ஓட்டை வால்வுலருந்து எவ்வளவு தூரம்னு பாத்தா டயர்ல எந்த எடத்துல முள்ளு இருக்குன்னு அளந்தே கண்டுபுடிச்சிரலாம். டயர் உள்பக்கம் வெறும் வெரல ஓட்டாதீங்க, பஞ்சோ பழைய துணியோ வெச்சு ஓட்டுங்க, கம்பி இருந்தா நூலு மாட்டிக்கும். முள்ள எடுக்காம புது டியூப் போட்டா அடுத்த ரெண்டு கிலோமீட்டர்ல திரும்ப தள்ளிட்டு வரணும், எனக்கு ஒரே காலையில ரெண்டு தடவ ஆயிருக்கு, ரெண்டாவது டியூப்பும் இல்லாம தாப்பா ரோடுங்கற ஊர்லருந்து தள்ளிட்டே வந்தேன்.

சின்ன ஊர் கடையில 26 இன்ச் டியூப் எப்பவும் இருக்கும், ரோட் பைக்கோட 700 அளவு வீலுக்கான மெல்லிச டியூப் எப்பவும் இருக்கும்னு நம்ப முடியாது. வீட்டுல நாலு வாங்கி வெச்சுக்குங்க, சீட்டுக்கு அடியில பையில ரெண்டு.

“முட்டி வலிக்குது”

முட்டிக்கு முன்னாடி வலின்னா சீட்டு எறக்கமா இருக்கு. முட்டிக்குப் பின்னாடி வலின்னா சீட்டு ஒசரம். இது நூத்துக்கு நூறு இல்ல, ஆனா மொதல்ல பாக்க வேண்டியது இது தான்.

நம்ம ஆளுங்க எல்லாருக்கும் முன்னாடி வலி தான் வருது, காரணம் என்னன்னா சைக்கிள் நின்னா ரெண்டு காலும் தரையில படணும்னு சின்ன வயசுலருந்து பழகிட்டோம். ரோட் பைக்குல சீட்டுல உக்காந்துக்கிட்டே கால் ஊனக்கூடாது. நிக்கறப்ப சீட்ட விட்டு முன்னாடி எறங்கி ஃப்ரேமுக்கு ரெண்டு பக்கமும் கால் வெச்சு நிக்கணும், கெளம்பறப்ப ஒரு பெடல மேல வெச்சு அதுல ஏறி நின்னு அப்படியே சீட்டுக்கு வரணும். இத பழகிட்டா சீட்ட ஏத்தறதுக்கு இருக்கற பயம் போயிரும்.

அளவு எப்படின்னா, செவுத்துல சாஞ்சு உக்காந்து குதிகால பெடல்ல வெச்சு பெடல அடியில எறக்குங்க, கால் சரியா நேரா நீளணும். அப்புறம் பாதத்தோட முன்பகுதிய வெச்சா முட்டி லேசா மடங்கும், அது தான் வேணும். இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுனா ஒசரம் அதிகமாயிருச்சு. கணக்கா வேணும்னா கவட்டைலருந்து தரை வரைக்கும் செருப்பில்லாம அளந்து 0.883ஆல பெருக்குங்க, 80 சென்டிமீட்டர்ன்னா 70.6, பெடல் சுத்தற நடு மையத்துலருந்து சீட்டு மேல் வரைக்கும் அந்த ஒசரம் வெச்சு ஆரம்பிங்க. ஒரே நாள்ல நாலு இன்ச் ஏத்தாதீங்க, வாரத்துக்கு அர சென்டிமீட்டர் ஏத்தி ஒடம்ப பழக்குங்க.

இன்னொரு காரணம், கெட்டி கியர்ல மெதுவா மிதிக்கறது. பழைய இரும்பு சைக்கிள்ல ஒரே கியர் தான், நின்னு அமுக்கி அமுக்கி மிதிச்ச கால் நமக்கு. ரோட் பைக்குல நிமிஷத்துக்கு 80லருந்து 90 சுத்து வர்ற மாதிரி லேசான கியர் போட்டு சொழட்டணும். மொத ஒரு வாரம் கால் சும்மா சுத்தற மாதிரி தோணும், விடாதீங்க.

“கை மரத்துப் போகுது, கழுத்து புடிச்சுக்குது”

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தா உள்ளங்கையோட வெளி ஓரத்துல போற நரம்பு அமுங்குது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கைய எடம் மாத்துங்க: பிரேக்குக்கு மேல இருக்கற ரப்பர் முண்டு, அப்புறம் மேல நேர் கம்பி, அப்புறம் கீழ வளைவு. அதுக்குத்தான் அந்த ஹேண்டல அப்படி வளைச்சு வெச்சிருக்காங்க, மவுண்டன் பைக் மாதிரி ஒரே எடத்துல புடிச்சுட்டே போறதுக்கு இல்ல. சீட்டோட மூக்கு கீழ சாஞ்சிருந்தா ஒடம்பு முன்னாடி வழுக்கி பாரம் பூரா கைக்கு வந்துரும், ஸ்பிரிட் லெவல் வெச்சு சீட்ட மட்டமா ஆக்குங்க.

இவ்வளவும் பண்ணியும் எட்டிப் புடிக்கற மாதிரியே இருந்தா ஃப்ரேம் பெருசு. செகண்ட் ஹேண்ட் வாங்குறப்ப வெலய பாத்து அளவ விட்டுர்றோம். அஞ்சர அடி ஆளுக்கு 50, 52 சென்டிமீட்டர் ஃப்ரேம் சரியா வரும், 56 வாங்கியிருந்தா கஷ்டம் தான். ஸ்டெம்ம 110லருந்து 90 மில்லிமீட்டர் ஆக்கலாம், அது அம்பது அறுவது வெள்ளிக்குள்ள முடிஞ்சிரும், அதுக்கு மேல சைக்கிள வித்துட்டு சின்னது வாங்கறது தான் நல்லது, ஒடம்ப அதுக்குள்ள திணிக்காதீங்க. மரத்துப் போனது ரெண்டு மூணு நாள் ஆகியும் போகலன்னா டாக்டர பாருங்க.

“உக்கார முடியல”

மெத்து சீட் கவர் வாங்காதீங்க, அது கொஞ்ச தூரத்துக்குத்தான், ஒரு மணி நேரம் தாண்டுனா இன்னும் மோசம். பேட் வெச்ச சைக்கிள் காச்சட்டை போடுங்க, உள்ள ஜட்டி போடாம. மொத ரெண்டு வாரம் எல்லாருக்கும் வலிக்கும். அதுக்கு மேலயும் வலிச்சா சீட்டோட அகலம் உங்க இடுப்பு எலும்புக்கு ஒத்து வரல, வேற அகலம் மாத்திப் பாருங்க.

“மேடு ஏற முடியல, பழைய சைக்கிள்லயே ஈசியா ஏறுனேன்”

இத சொல்றவங்கள நான் நம்புறேன், ஏன்னா இது உண்மை, பாதிப் பேருக்கு இதுக்குக் காரணம் தெரியாம மனசு ஒடஞ்சு போகுது. லேசான சைக்கிள் மேட்டுல பறக்கும்னு நெனச்சு வாங்கறோம், தெமோ தாண்டி சின்ன ஏத்தத்துலயே மூச்சு வாங்குது.

கணக்க பாருங்க. மவுண்டன் பைக்குல முன்னாடி சின்ன தட்டு 22 பல்லு, பின்னாடி பெரிய பல் சக்கரம் 34 பல்லு. 22ஐ 34ஆல வகுத்தா 0.65, அதாவது நீங்க ஒரு சுத்து மிதிச்சா பின் வீல் முக்கால் சுத்துக்கும் கம்மியா சுத்தும், அவ்வளவு லேசு. ரோட் பைக்குல முன்னாடி சின்னது 34, பின்னாடி பெருசு 28, வகுத்தா 1.21. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கெட்டி. அஞ்சு கிலோ கொறஞ்சாலும் இந்த வித்தியாசத்த அது ஈடு கட்டாது. பழைய ரேஸ் சைக்கிள் வாங்கியிருந்தா முன்னாடி சின்ன தட்டே 39 இருக்கும், அது இன்னும் கொடுமை.

வழி என்னன்னா பின்னாடி கேசட்ட (பல் சக்கர அடுக்க) 11-32 இல்ல 11-34 ஆக்குங்க, அதாவது சின்னது 11 பல்லு, பெருசு 32 இல்ல 34, 34க்கு 34ன்னா சரியா 1. ஆனா பின்னாடி தொங்குற டிரேலரோட (செயின தள்ளி கியர் மாத்தற கருவி) கை குட்டையா இருந்தா 34 பல்லத் தாங்காது, நீளக் கை வேணும், அத கடையில கேட்டுட்டு வாங்குங்க. செயினும் கொஞ்சம் நீளமாகணும்.

நம்ம ஊர்லருந்து கேமரன் மலைக்கு ஏறுற 59ஆம் ரோடு பத்தி எல்லாருக்கும் ஆசை. லங்காவி டூர் சைக்கிள் ரேஸ் 1996ல தொடங்குச்சு, கேமரன்ல முடியற ஸ்டேஜும் அதுல நடந்திருக்கு, அதனால அந்த ஆசை இருக்கறது ஞாயம் தான். அந்த ரோட்டுல செங்குத்தான மேடு கம்மி, ஆனா ரிங்லெட் வரைக்கும் 45 கிலோமீட்டர் பக்கம் ஏறிட்டே இருக்கும், தானா ராத்தா ஏறக்கொறய 60. இதுல தோக்கறவங்க காலுல பலம் இல்லாம தோக்கறது இல்ல, மொத பத்து கிலோமீட்டர்ல கெட்டி கியர் போட்டு கால எரிச்சுர்றாங்க. மூச்சு வாங்காம பேச முடியற வேகத்துல போங்க, லாத்தா இஸ்கண்டார் அருவிகிட்ட நிறுத்தி சாப்புடுங்க, மொத நாலஞ்சு தடவ அங்கிருந்தே திரும்பி வந்துருங்க.

“கியர் மாத்தவே தெரியல, இல்லன்னா டக்கு டக்குன்னு சத்தம்”

பிரேக் கையவே உள்பக்கமா தள்ளுனா ஒரு பக்கம் போகும், பின்னாடி இருக்கற குட்டி நெம்புகோல தள்ளுனா அடுத்த பக்கம். வலது கை பின் கியர், இடது கை முன் தட்டு. ஷிமானோ இப்படி பிரேக்கையும் கியரையும் ஒண்ணா சேத்தது 1990ல, அதுக்கு முந்துன சைக்கிள் வாங்கியிருந்தா கியர் நெம்புகோல் கீழ ஃப்ரேம் பைப்புல இருக்கும், ஒரு கைய விட்டு மாத்தணும், பழகறவங்களுக்கு அது வேணாம்.

செயின் பெரிய பல் சக்கரத்துக்கு ஏற தயங்குனா கேபிள் தளந்திருக்கு. பின் டிரேலர்ல கேபிள் நுழையற எடத்துல ஒரு திருகு இருக்கும், அத எதிர்க் கடிகாரமா கால் சுத்து விடுங்க, ஓட்டிப் பாருங்க, இன்னும் கால் சுத்து. சின்ன சக்கரத்துக்கு எறங்க தயங்குனா இதுக்கு நேர் மாறு. கால் சுத்துக்கு மேல ஒரே நேரத்துல திருகாதீங்க, அப்புறம் எங்க இருந்தீங்கன்னே தெரியாது. வலது பக்கம் விழுந்ததுக்கு அப்புறம் வந்த கோளாறுன்னா திருகறதுல பிரயோசனம் இல்ல, டிரேலர் மாட்டியிருக்கற காது வளைஞ்சிருக்கும், கடைக்குத்தான் போகணும்.

மிதிக்கறப்ப வழுக்கி குதிச்சா செயின அளங்க. ரூலர செயினோட ஒரு ஆணி மையத்துல வெச்சா புது செயின்ல 12 இன்ச்ல இன்னொரு ஆணி மையம் சரியா நிக்கும். பதினாறுல ஒரு இன்ச் தள்ளிப் போயிருந்தா செயின மாத்துங்க, எட்டுல ஒரு இன்ச் தள்ளியிருந்தா கேசட்டும் சேந்து போச்சு.

“பிரேக் புடிக்கல”

இதுல நான் கொஞ்சம் கண்டிப்பா பேசுவேன், ஏன்னா மத்த கோளாறு எல்லாம் வலியோட போயிரும்.

மொதல்ல எந்தக் கை எந்த பிரேக்குன்னு நிக்க வெச்சு பாருங்க. வெளிநாட்டுலருந்து வந்த செகண்ட் ஹேண்ட்ல இடம் வலம் மாறியிருக்கலாம், பழக்கத்துல பின் பிரேக்குன்னு நெனச்சு முன் பிரேக்க இழுத்தா தலைகீழா போவீங்க.

மவுண்டன் பைக்குல டிஸ்க் பிரேக் ஓட்டிட்டு ரிம் பிரேக்குக்கு வந்தா அது புடிக்கலன்னு தான் தோணும். மேல ரப்பர் முண்டுல கைய வெச்சா நெம்புகோலோட நடுவுல தான் வெரல் படுது, அழுத்தம் பத்தாது. எறக்கம்னா கைய கீழ வளைவுக்கு கொண்டு போங்க, அங்கிருந்து ரெண்டு வெரலே போதும். வெரல் எட்டலன்னா அதுக்கும் ஒரு சின்ன திருகு இருக்கு, நெம்புகோல கிட்ட கொண்டு வரலாம், கை சின்னதா இருக்கற பொண்ணுங்க கட்டாயம் இத பண்ணுங்க.

மழையில ரிம் ஈரமா இருந்தா மொத ரெண்டு மூணு சுத்துக்கு ஒண்ணுமே புடிக்காது, தண்ணிய வழிச்சதுக்கு அப்புறம் திடீர்னு புடிக்கும். அதனால முன்கூட்டியே லேசா தொட்டு ரிம்ம துடைச்சு வெச்சுட்டு அப்புறம் பிரேக் போடணும். செம்மண் தண்ணி தெளிச்சா பிரேக் கட்டையில மண்ணு ஏறி ரிம்ம அறுக்கும், கர கரன்னு சத்தம் வரும், வீட்டுக்கு வந்ததும் கட்டைய ஊசியால நோண்டி அலுமினியத் துண்டு மண்ணு எல்லாத்தையும் எடுங்க, உப்புத் தாள்ல ஒரு தேய்ப்பு தேய்ங்க.

கேமரன்லருந்து எறங்கறப்ப பிரேக்க புடிச்சுட்டே வராதீங்க. ரிம் சூடாகி உள்ள டியூப் வெடிக்கலாம். நேர் ரோட்டுல விடுங்க, வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் கெட்டியா புடிச்சு வேகத்த கொறச்சு, வளைவுக்குள்ள போறப்ப விட்டுருங்க. அந்த ரோடு குறுகல், பஸ்ஸும் காய்கறி லோரியும் வரும், மழைக்கு அப்புறம் ஈர இலை கெடக்கும். லோரி பக்கத்துல தாண்டிப் போறப்ப காத்து மொதல்ல வெளிய தள்ளும், தாண்டுனதும் உள்ள இழுக்கும், அப்ப ஹேண்டலோட சண்ட போடாம கைய தளர்வா வெச்சு நேரா போங்க.

தாமான் (குடியிருப்பு) உள்ள லொங்காங் (சாக்கடை) மேல போட்டிருக்கற இரும்புக் கம்பி மூடிய பாத்து ஓட்டுங்க. கம்பி ரோட்டோட போற திசையிலயே இருந்தா மெல்லிச டயர் உள்ள எறங்கிரும். என் கூட்டாளி ஒருத்தருக்கு காலர் எலும்பு ஒடஞ்சது இப்படித்தான், மவுண்டன் பைக்குல பத்து வருஷமா அதே மூடி மேல போய்ட்டு வந்தவரு.

“திரும்பறப்ப கால் முன் வீல்ல இடிக்குது”

சின்ன ஃப்ரேம்ல இது சகஜம், கோளாறு இல்ல. மெதுவா வளையறப்ப மட்டும் தான் இடிக்கும். வளையற பக்கத்துக்கு எதிர்ப் பக்கக் கால பின்னாடி வெச்சுட்டு மிதிக்காம திரும்புங்க.

பெடல்ல மாட்டிக்கற ஷூ மொத மாசம் வேணாம். வாங்குனா பெடலோட பிடிய ஆகக் கம்மிக்கு லூஸ் பண்ணி, செவுத்த புடிச்சுட்டு குதிகால வெளிய திருப்பிக் கழட்டறத அம்பது தடவ பழகிட்டு ரோட்டுக்கு வாங்க. சிவப்பு விளக்குகிட்ட நின்னதுக்கு அப்புறம் கழட்டக்கூடாது, நிக்கறதுக்கு முன்னாடியே கழட்டணும்.

“ஒரு மணி நேரத்துல தல சுத்துது, கால் இழுக்குது”

பழைய சைக்கிள்ல பத்து கிலோமீட்டர் போவோம், இதுல அதே களைப்புக்கு முப்பது போயிருப்போம், வேகமா போறதால காத்து பட்டு வேர்வையும் தெரியாது. மணிக்கு ஒரு பாட்டில், 500லருந்து 750 மில்லி, தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல போறீங்கன்னா வழியில வாழப்பழம் ஒண்ணாவது சாப்புடணும், தண்ணியோட கொஞ்சம் உப்பும் சேரணும், 100பிளஸ் பானம் பாதி தண்ணி பாதி கலந்து எடுத்துட்டுப் போறேன் நான். வெறும் தேத்தண்ணி குடிச்சிட்டு கெளம்பாதீங்க, ரெண்டு இட்டிலியாவது.

வெயிலுக்குப் பயந்து ஆறு மணிக்கு கெளம்பறது சரி தான், ஆனா நம்ம நாட்டுல அப்ப நல்ல இருட்டு, பொழுது ஏழு மணி சுமாருக்குத்தான் விடியுது. முன்னாடி வெள்ள லைட்டு, பின்னாடி செவப்பு லைட்டு, ரெண்டும் எரியாம மெயின் ரோட்டுல ஏறாதீங்க. பெரட்டுக்குப் (தோட்டத்துக் காலை ஆள் கணக்கு) போற மோட்டாரும் பாக்டரி பஸ்ஸும் அந்த நேரத்துல தான் வேகமா வரும், கறுப்பு உடுப்புல சத்தமில்லாம போற சைக்கிள அவங்களால பாக்கவே முடியாது.

“மழையில நனஞ்சதுலருந்து கீச்சு கீச்சுங்குது”

செயின் எண்ணெய் போயிருச்சு. காஞ்ச துணியால செயின நல்லா துடைங்க, ஒவ்வொரு ஆணி மேலயும் ஒரு சொட்டு செயின் எண்ணெய், பெடல பின்னாடி இருவது சுத்து சுத்துங்க, அஞ்சு நிமிஷம் விட்டு வெளியில இருக்கற எண்ணெய துடைச்சு எடுத்துருங்க. மோட்டார் போமன்கிட்ட (மெக்கானிக்) கெடக்கற பழைய எஞ்சின் எண்ணெய ஊத்தாதீங்க, செம்மண் அதுல ஒட்டி அரைக்கற கல்லாயிரும். சீட் போஸ்ட்டையும் கழட்டி சைக்கிள தலைகீழா கவுத்து வெச்சிங்கன்னா ஃப்ரேம் உள்ள எறங்குன தண்ணி வெளிய வரும், அப்புறம் போஸ்ட்டுல கொஞ்சம் கிரீஸ் தடவி, முன்ன இருந்த ஒசரத்துல டேப்பால அடையாளம் வெச்சு மாட்டுங்க. பாதி கீச்சு சத்தம் செயின்ல இருந்து வராது, அந்தப் போஸ்ட்டுலருந்து தான் வரும்.